பூனைக்கு டிஸ்க் ஆபரேஷன்: அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடி என்ன கேக்கணும்?

கேள்வி: அக்கா, எங்க பூனைக்கு 9 வயசு, வெளிய போற பழக்கமே இல்ல. நேத்து ராத்திரில இருந்து பின்னங்கால் ரெண்டையும் இழுத்துக்கிட்டு போகுது. பக்கத்து கிளினிக்ல எக்ஸ்ரே எடுத்துட்டு முதுகெலும்புல டிஸ்க் நழுவியிருக்கு, ஆபரேஷனுக்கு ஒன்றரை லட்சம், பாதி அட்வான்ஸ்னு சொல்றாங்க. கட்டலாமா? ஆன்லைன்ல வீல் வண்டி ஆஃபர்ல இருக்கு, அதையும் வாங்கிடவா? (மடிப்பாக்கம் வாசகி)

பதில்: வண்டி இப்ப வேணாம்மா. கால் திரும்புமா திரும்பாதான்னே தெரியல, அதுக்குள்ள அளவு தெரியாம வாங்கி என்ன பண்ணப் போறீங்க. பணத்தை ஸ்கேனுக்கு வைங்க.

எக்ஸ்ரேல எலும்புதான் தெரியும், தண்டுவடம் எங்க எவ்வளவு நசுங்கியிருக்குன்னு தெரியாது. எம்ஆர்ஐ, இல்லன்னா சிடியோ மைலோகிராமோ (தண்டுவடத்தைச் சுத்தி மருந்து ஏத்தி எடுக்குற எக்ஸ்ரே) எடுக்காம எந்த இடத்துல கத்தி வைப்பீங்கன்னு நேராவே கேளுங்க. நாய்ங்களுக்கு டிஸ்க் பிரச்சனை சகஜம், பூனைக்கு ரொம்ப குறைவு, அதனால மத்த காரணத்தை ஒதுக்காம ஆபரேஷன்னு பேசுறவங்க மேல எனக்கு நம்பிக்கை வராது. முக்கியமா ஒண்ணு, இதய நோய் இருக்குற பூனைக்கு ரத்தக்கட்டி போய் பின்னங்கால் ரத்தக்குழாயை அடைச்சாலும் இதே மாதிரி திடீர்னு கால் விழுந்துடும். இப்பவே பாதத்தை தொட்டுப் பாருங்க, முன்னங்காலை விட சில்லுன்னு இருந்து அடிப்பாதம் வெளுத்தோ நீலமாவோ இருந்து பூனை கத்திக்கிட்டே இருந்தா அது டிஸ்க்கா இருக்க வாய்ப்பு கம்மி, உடனே தூக்கிட்டு ஓடுங்க.

அடுத்து, வலி உணர்ச்சி இருக்கான்னு டாக்டரை உங்க கண்ணு முன்னாடி பார்க்கச் சொல்லுங்க. பின்னங்கால் விரலை கருவியால அழுத்தினா காலை இழுக்குறது மட்டும் கணக்கில்ல, அது வலி தெரியாமலே தானா நடக்குற வெறும் ரிஃப்ளெக்ஸ். திரும்பிப் பார்க்கணும், கத்தணும், கடிக்க வரணும். அது இருந்தா ஆபரேஷனுக்கு அப்புறம் நடக்குறதுக்கு நல்ல சான்ஸ் இருக்கு, இல்லன்னா நேரம் போகப் போக சான்ஸ் குறையும், அதனால விலை விசாரிக்கிறேன்னு ஒரு வாரம் சுத்தாதீங்க. இன்னொரு கருத்து வேணும்னா இன்னைக்கே கேளுங்க, வேப்பேரில கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, ஸ்கேன் எங்க எடுக்கணும்னு அங்கயே கேட்டுக்கலாம். தள்ளாடியாவது நடக்குற பூனையா இருந்தா கூண்டுல 4-6 வாரம் ரெஸ்ட்டும் வலி மருந்தும் குடுத்துப் பாக்கலாம், ரெண்டு காலும் விழுந்ததுக்கு அது மட்டும் போதும்னு நான் சொல்ல மாட்டேன்.

அந்த ஒன்றரை லட்சத்துல என்னென்ன அடங்கும்னு எழுதி வாங்குங்க: ஸ்கேன், மயக்க மருந்து, எத்தனை நாள் அட்மிட், பிசியோ, ரீ-செக்கப். நிறைய பேர் ஆபரேஷனுக்கே எல்லாத்தையும் கொட்டிட்டு அப்புறம் முழிக்கிறாங்க, ஏன்னா உண்மையான வேலை வீட்டுக்கு வந்தப்புறம்தான். மூத்திரம் தானா போகலன்னா ஒரு நாளைக்கு மூணு நாலு தடவை வயித்தை ரெண்டு பக்கமும் பிடிச்சு அமுக்கி எடுக்கணும். துணி நனைஞ்சிருக்குன்னு ஏமாறாதீங்க, மூத்திரப்பை நிரம்பி வழிஞ்சாலும் நனையும். டிஸ்சார்ஜுக்கு முன்னாடி அவங்க செஞ்சு காட்டினா போதாது, உங்க கையால செய்ய வச்சுப் பார்த்துட்டுதான் கெளம்பணும். கூண்டு, விளிம்பு தாழ்ந்த லிட்டர் ட்ரே, மெத்தையான விரிப்பு, இவ்வளவு வாங்கினா போதும். புண்ணு வராம சில மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் போடுங்க. வலிக்குதேன்னு வீட்ல இருக்குற பாராசிட்டமாலை குடுத்துடாதீங்க, பூனைக்கு அது விஷம்.

கேள்வி: எங்க பூனைக்கு இதே ஆபரேஷன் ஆச்சு, நடக்கல. பில்லுல சர்ஜரிக்கு ஜிஎஸ்டி போட்டிருக்காங்க. கேஸ் போடலாமா? (தாம்பரம் வாசகர்)

பதில்: கால்நடை கிளினிக் தர்ற சிகிச்சைக்கு ஜிஎஸ்டி விலக்கு இருக்கு தம்பி, தனியா வாங்குற மருந்துக்கு வேற கணக்கு. பில்லைக் காட்டி திருப்பிக் கேளுங்க, தரலன்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு போன் போடுங்க. நடக்கலங்குறதை மட்டும் வச்சு நுகர்வோர் கமிஷன்ல நிக்காது, கவனக்குறைவுன்னு காட்டணும், அதுக்கு கேஸ் ஷீட், ஸ்கேன் படம், இன்னொரு டாக்டரோட எழுத்து மூலமான கருத்து வேணும். ரெண்டு வருஷத்துக்குள்ள போடணும், கட்டின தொகை 5 லட்சத்துக்குள்ளன்னா மாவட்ட கமிஷன்ல ஃபீஸ் இல்ல.