சப் கொந்தராத்துக் கம்பனி என்று பயப்பட வேண்டாம் அம்மா

உவர்மலையிலிருந்து எழுதிய அம்மாவுக்கு,

சிவில் டிப்ளோமா முடித்த மகனுக்கு ரயில் பாதை நிர்மாணத்தில் வேலை வந்திருக்கிறது. பிரதான கம்பனியில் அல்ல, தண்டவாள வெல்டிங்கை மட்டும் எடுத்துச் செய்யும் சப் கொந்தராத்துக் கம்பனியில். "இதுக்குத்தானா இவ்வளவு படிப்பிச்சனாங்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள். என் அபிப்பிராயம், போகட்டும். ஆனால் கையெழுத்துக்கு முன் சில விடயங்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

2014 ஒக்டோபரில் யாழ்தேவி திரும்ப யாழ்ப்பாணம் போனபோது, பாதையைக் கட்டிய இந்திய நிறுவனமான இர்கொன்னின் பெயர்தான் எல்லோர் வாயிலும் இருந்தது. ஆனால் ரயில் பாதை என்பது ஒரே தொழில் அல்ல. மண் பரிசோதனை, பைலிங் (நிலத்துக்குள் தூண் இறக்குவது), பாலத்து இரும்புவேலை, சிக்னல், தொலைத்தொடர்பு என்று ஒவ்வொன்றுக்கும் தனி ஆள், தனி இயந்திரம், தனிப் பழக்கம் வேண்டும். அதனால்தான் உலகமெங்கும் பெரிய கம்பனிகள் இவற்றைப் பிரித்துக் கொடுக்கின்றன. பெரிய நிர்மாண வேலைகளில் உலகளவில் புழங்கும் ஃபிடிக் (FIDIC) என்ற மாதிரி ஒப்பந்தம் (1999) முழு வேலையையும் கைமாற்ற விடாது. பகுதியைக் கொடுக்கலாம், ஆனால் சப் கொந்தராத்துக்காரர் விட்ட பிழைக்கும் பிரதான ஒப்பந்தக்காரரே பொறுப்பு. ஆகவே தம்பியின் வேலையைப் பிரதான கம்பனியின் எஞ்சினியர் உன்னிப்பாகத்தான் பார்ப்பார்.

அந்த வேலை லேசுப்பட்டதும் அல்ல. தண்டவாளங்களை உருக்கு ஊற்றிப் பொருத்தும் தேர்மிட் வெல்டிங்கில் இரண்டு தண்டவாள நுனிக்கும் இடையில் வழமையாக ஏறத்தாழ 25 மில்லிமீற்றர் இடைவெளி விட்டு, நேர்கோடு பார்த்து, வார்ப்பு அச்சைப் பூட்டி, நுனிகளைச் சூடாக்குவார்கள். பிறகு இரும்பு ஒட்சைட்டும் அலுமினியமும் கலந்த தூளைப் பற்றவைத்தால், 2,000 பாகைக்கும் மேலான சூட்டில் உருகிய உருக்கு இடைவெளியில் இறங்கும். மிச்சத்தைச் சூட்டோடு வெட்டி, அரைத்து, அல்ட்ராசவுண்ட் கருவியால் உள்வெடிப்புப் பார்ப்பார்கள். சூடாக்குவதில் அவசரப்பட்டால் பொருத்து உள்ளே ஒட்டாது, பின்னர் ரயில் ஓடும்போது உடையலாம். சீனக்குடா வெயிலில் தண்டவாளம் எப்படி நீளும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இதைச் செய்து பழகினவரைத் தேடி வேலை வரும்.

உங்கள் பயத்தில் நியாயமான பகுதி காசு. சப் கொந்தராத்துக்காரருக்குப் பணம் பெரும்பாலும் மேலிருந்து இறங்கித்தான் வரும். ஃபிடிக் 1999 முறையில் பில் கொடுத்து 56 நாட்களுக்குள் பிரதான கம்பனிக்கே பணம் வர வேண்டும். அதற்குப் பிறகுதான் கீழே வரும். 2018 ஜனவரியில் பிரிட்டனின் பெரிய நிர்மாணக் கம்பனியான கரிலியன் முறிந்து விழுந்தபோது ஆயிரக்கணக்கான சிறு நிறுவனங்களின் பணம் சிக்கியது. அதனால் தம்பி வெட்கப்படாமல் கேட்கட்டும்: பில் பிந்தினால் சம்பளமும் பிந்துமா? அங்கே வேலை செய்யும் ஒருவரிடமும் தனியாக விசாரிக்கட்டும்.

ஊழியர் சேமலாப நிதிக்குச் சம்பளத்தில் 8 சதவீதம் கழித்து, கம்பனி 12 சதவீதம் போட வேண்டும், ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்குக் கம்பனியே 3 சதவீதம் போட வேண்டும். சின்னக் கம்பனி என்பதால் இதிலிருந்து தப்ப முடியாது. நிர்மாணக் கைத்தொழில் அபிவிருத்தி அதிகாரசபையில் கம்பனிக்குப் பதிவு இருக்கிறதா என்றும் பாருங்கள்.

தம்பிக்கு ஒன்று சொல்லுங்கள். செய்த பொருத்துகள், பரிசோதனை முடிவு, மேற்பார்வையாளர் கையெழுத்து எல்லாவற்றையும் கொப்பியில் எழுதி வைக்கட்டும். பிறகு அனுபவத்தைக் காட்டித் தேசியத் தொழில் தகைமையில் மேலே ஏறவும், வேறு கம்பனிக்குப் போகவும் அந்தக் கொப்பிதான் சாட்சி. அதை எழுதாமல் விட்டுப் பின்னால் கஷ்டப்படும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு மனம் கேட்பதில்லை.

சேமலாப நிதியைப் பற்றிக் கேட்கும்போது "அதைப் பிறகு பார்ப்போம்" என்று சொன்னால் அனுப்ப வேண்டாம். நியமனக் கடிதத்தில் சம்பளத் திகதியும் நிதி இலக்கமும் இருந்தால் தாராளமாக அனுப்புங்கள்.