அண்ணனுக்கு மழை, தங்கைக்குச் சட்டமா?

கேள்வி: செம்பூரில் ஒரே படுக்கையறை உள்ள வீட்டில் வசிக்கிறோம். சென்ற ஜூலையில் லோக்கல் ரயில் நின்றுபோன ஓர் இரவு, 19 வயதான என் மகனின் காதலி எங்கள் வீட்டில் தங்கினாள். பிறகு மழையில்லாத நாட்களிலும் இரண்டு முறை தங்கினாள். நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது என் 17 வயது மகள், கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் தன் காதலன் கணபதி விசர்ஜனத்தன்று இரவு தங்கலாமா என்று கேட்கிறாள். மனைவி மறுக்கிறார். “அண்ணனுக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?” என்கிறாள் மகள். என்ன பதில் சொல்வது?
– ஒரு தந்தை, மும்பை

பதில்: மகள் கேட்டது நியாயமான கேள்வி. அனுமதி மறுக்க வேண்டும் என்பதும் நியாயமே. இரண்டையும் சேர்த்து அவளிடம் ஒப்புக்கொள்ளத் தயங்கித்தான் எனக்கு எழுதியிருக்கிறீர்கள்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி 18 வயது நிறையாத எவரும் குழந்தையே. ஒரு வீட்டில் படுத்து உறங்குவது குற்றமில்லைதான். ஆனால் நாளை ஒரு புகார் எழுந்தால், உங்கள் மகளின் சம்மதமோ, “நாங்கள்தான் தங்கச் சொன்னோம்” என்ற உங்கள் சாட்சியமோ 18ஐக் கடந்த அந்தப் பையனைக் காப்பாற்றாது. முன்பு 16 ஆக இருந்த சம்மத வயதுக்கே திரும்பலாமா என்று ஆராய்ந்த சட்ட ஆணையமும் 2023இல் வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. அவன் நலத்தையும் நினைத்தே மறுக்கிறோம் என்று சொல்லுங்கள். காது கொடுத்துக் கேட்பாள். சொசைட்டியில் என்ன பேசுவார்கள், வாட்ச்மேன் என்ன நினைப்பார் என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். அண்ணனின் காதலி வந்தபோதும் கேட்டைத் திறந்துவிட்டவர் அதே வாட்ச்மேன்தானே?

இனி மகன் விஷயம். 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியபோது, முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் கதவைத் திறந்துவிட்ட ஊர் இது. ஆகவே அந்த முதல் இரவைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது. அடுத்த இரண்டு இரவுகளுக்கு மழையைச் சாக்குச் சொல்ல முடியாதே! அன்று நீங்கள் அனுமதி கொடுக்கவும் இல்லை, மறுக்கவும் இல்லை. பையன்தானே என்று பேசாமல் இருந்துவிட்டீர்கள். அவனுக்கு 17 வயதாக இருந்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பீர்கள் என்பது என் சந்தேகம். அந்த இரவுகளில் உள்ளறை யாருக்கு, ஹாலில் பாய் யாருக்கு என்று கடிதத்தில் இல்லை. தலையணையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறியவள் உங்கள் மகளாகத்தான் இருப்பாள். அவள் கோபத்தில் பாதி அதனால் வந்ததோ என்னவோ.

இருவரையும் எதிரே உட்காரவைத்துப் பேசுங்கள். 18 நிறையும்வரை யாருக்கும் அனுமதியில்லை; நிறைந்த பிறகும் வீட்டிலுள்ள நால்வரையும் முன்கூட்டியே கேட்காமல், வருபவரின் பெற்றோருக்குத் தெரியாமல் எவரும் இரவு தங்குவதில்லை. இது மகனுக்கு இன்றே பொருந்தட்டும். விசர்ஜனத்தன்று அந்தப் பையனைச் சாப்பிட அழையுங்கள். பகலிலும் கதவைச் சாத்திவிட்டால், அடுத்த முறை ‘தோழி வீட்டில் குரூப் ஸ்டடி’ என்றுதான் உங்கள் காதுக்கு வரும். அன்று நள்ளிரவுக்குப் பிறகும் சிறப்பு லோக்கல்கள் ஓடுகின்றன. கொழுக்கட்டை தின்றுவிட்டு அவன் தாராளமாக வீடு போய்ச் சேரலாம்.

ஒன்று கேட்க வேண்டும். மகனின் காதலி தங்கிய மூன்று இரவுகளில் ஒன்றிலாவது, அந்தப் பெண்ணின் வீட்டுக்கு நீங்கள் தொலைபேசியில் தகவல் சொன்னீர்களா?