மாணவிகளும் மைதானமும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

உயர்நிலைப் பள்ளி மாணவிகளின் விளையாட்டையும், பாடத்துக்கு அப்பாற்பட்ட செயல்பாடுகளையும் பற்றி வந்த கடிதங்களே இம்முறை மிகுதி. உடற்கல்வி ஆசிரியையாகப் பல ஆண்டுகள் மைதானத்தில் நின்றவள் என்பதால், எனக்கு மிக நெருக்கமான இந்தப் பொருளுக்கே பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். மூன்று ஆண்டுகளாகப் பள்ளி வாலிபால் அணியில் ஆடி வருகிறாள். அடுத்த ஆண்டு முக்கியமான தேர்வு இருப்பதால் இப்போதே அணியிலிருந்து விலக்கிவிடலாம் என்கிறார் என் கணவர். மகளோ அழுகிறாள். நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு தாய்

பதில்: மகளின் பக்கம் நில்லுங்கள் அம்மா. உங்கள் கணவரின் கவலை நியாயமானது. ஆனால் அவர் எடுக்க நினைக்கும் முடிவு அந்தக் கவலையைத் தீர்க்காது.

முதலில் நேரத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள். வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலும் பயிற்சிக்குப் போவது நாலரை மணி நேரம்தான். அணியிலிருந்து விலக்கிவிட்டால் அந்த நேரம் தானாகவே புத்தகத்தின் பக்கம் போய்ச் சேர்ந்துவிடும் என்று பெற்றோர் நம்புகிறார்கள். நான் பார்த்தவரையில் அது பெரும்பாலும் கைபேசிக்கும் சோர்வுக்கும் போய்ச் சேர்ந்தது. ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடங்களாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. 2016ஆம் ஆண்டு வரையிலான தரவுகளைக் கொண்டு அந்நிறுவனம் நடத்திய ஆய்வின்படி, உலகெங்கும் 11 முதல் 17 வயதுக்குட்பட்ட சிறுமிகளில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் இந்த அளவை எட்டவில்லை. சிறுவர்களில் அது 78 விழுக்காடு. உங்கள் மகளோ விளையாட்டால் அந்த அளவை நெருங்கியிருப்பவர்களில் ஒருத்தி. அவளை நாமே எதற்காகப் பெரும்பான்மைக்குள் தள்ள வேண்டும்?

உடலளவிலும் ஒரு காரணம் இருக்கிறது. வளரிளம் பருவத்தின் வேகமான வளர்ச்சியைச் சூழ்ந்த ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் மட்டும், ஒருவர் பெரியவராகும்போது பெற்றிருக்கும் எலும்புத் தாதுச் சத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு சேர்கிறது. குதித்து இறங்கும் விளையாட்டுகள் அந்தச் சேமிப்பை உயர்த்துகின்றன. வாலிபால் அத்தகைய ஆட்டம்தான்.

படிப்புக்கு உண்மையிலேயே இடைஞ்சல் தருவது பெரும்பாலும் தூக்கக் குறைவு. பதின்ம வயதினருக்கு இரவில் எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் தேவை. ஆகவே மூவரும் ஒன்றாக அமர்ந்து, தூங்கும் நேரத்தை முதலில் குறித்துவிட்டு, அதன்பின் படிப்பையும் பயிற்சியையும் அதற்கேற்ப அடுக்குங்கள். தேர்வு நெருங்கும் மாதத்தில் பயிற்சியை இரண்டு நாளாகக் குறைத்துக்கொள்ளும்படி பயிற்சியாளரிடம் கேட்கலாம். குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. ‘தேர்வு முடிந்ததும் வந்துவிடுகிறேன் டீச்சர்’ என்று சொல்லிப் போன மாணவிகளில் திரும்பி வந்தவர்கள் மிகச் சிலரே என்பதை இன்றும் வருத்தத்துடன் நினைத்துப் பார்க்கிறேன். உங்கள் கணவரை ஒரு நாள் அவளுடைய ஆட்டம் ஒன்றைப் பார்க்க அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியின் விளையாட்டுச் சீருடை வெள்ளை நிறம். மாதவிடாய் நாட்களில் கறை படிந்துவிடுமோ என்ற பயத்தில் பயிற்சிக்குப் போவதையே தவிர்க்கிறேன். இதை யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை.
– பத்தாம் வகுப்பு மாணவி

பதில்: மகளே, இது உன் ஒருத்தியின் சங்கடம் அல்ல. உலகின் முன்னணி வீராங்கனைகள் வாய்விட்டுச் சொல்லி மாற்றிக் காட்டிய ஒன்று இது. முழு வெள்ளை உடையை மிகக் கண்டிப்பாக வலியுறுத்தி வந்த விம்பிள்டன் டென்னிஸ் போட்டியிலேயே, 2023 முதல் வீராங்கனைகள் பாவாடைக்கு உள்ளே அடர்நிறக் குட்டைக் காற்சட்டை அணிந்துகொள்ள அனுமதிக்கப்பட்டார்கள். அதே ஆண்டில் இங்கிலாந்து மகளிர் கால்பந்து அணியும் வெள்ளைக் காற்சட்டையைக் கைவிட்டு நீல நிறத்துக்கு மாறியது.

நீயும் உன் தோழிகள் மூவரோ நால்வரோ சேர்ந்து உடற்கல்வி ஆசிரியையிடம், அவர் இல்லையென்றால் நீங்கள் நம்பும் வேறொரு ஆசிரியையிடம், அடர்நிறக் காற்சட்டை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். காரணத்தை ஒரே வரியில் எழுதினால் போதும். அதற்காக மன்னிப்புக் கேட்கும் தொனி வேண்டாம். அனுமதி கிடைக்கும்வரை உள்ளே அடர்நிற இறுக்கமான குட்டைக் காற்சட்டை அணிந்துகொள். அந்த நாட்களில் விளையாடுவதால் உடலுக்குத் தீங்கில்லை. மிதமான இயக்கம் பலருக்கு வலியைக் குறைக்கவும் செய்கிறது. வலி கடுமையாக இருக்கும் நாளில் ஓய்வெடுப்பதும் உன் உரிமைதான்.

கேள்வி: என் மகள் நீண்ட தூர ஓட்டத்தில் ஆர்வம் கொண்டிருக்கிறாள். பெண் பிள்ளை அவ்வளவு தூரம் ஓடினால் கருப்பைக்குக் கேடு என்று வீட்டுப் பெரியவர்கள் தடுக்கிறார்கள். இதில் உண்மை உண்டா?
– ஒரு தந்தை

பதில்: இல்லை ஐயா. ஆனால் இந்த அச்சம் உங்கள் வீட்டில் பிறந்ததல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். 1928இல் ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்களுக்கு முதன்முறையாக 800 மீட்டர் ஓட்டம் நடந்தது. ஜெர்மனியின் லினா ராட்கே 2 நிமிடம் 16.8 விநாடியில் ஓடி, உலக சாதனையுடன் வென்றார். ஓட்டம் முடிந்ததும் சிலர் களைத்துப் புல்லில் சாய்ந்தார்கள். ஆண்கள் ஓட்டத்திலும் அன்றாடம் காணும் காட்சிதான் அது. பத்திரிகைகளோ பெண்கள் மயங்கி விழுந்ததாகவும், பாதியில் நின்றதாகவும் எழுதின. இறுதிச் சுற்றில் ஓடிய ஒன்பது பேரும் ஓட்டத்தை முடித்திருந்தார்கள் என்ற உண்மை எடுபடவில்லை. அதன்பின் 1960 வரை, முப்பத்திரண்டு ஆண்டுகள், ஒலிம்பிக்கில் பெண்களுக்கு 800 மீட்டரே இல்லாமல் போயிற்று. பெண்கள் மாரத்தான் சேர்க்கப்பட்டது 1984இல்தான். ஒரு தவறான செய்தி எத்தனை தலைமுறைச் சிறுமிகளின் கால்களைக் கட்டிப்போட்டது என்று எண்ணும்போது எனக்கு இன்னும் மனம் பொறுப்பதில்லை.

கவனிக்க வேண்டிய ஆபத்து ஓட்டத்தில் இல்லை. ஓட்டத்துக்கு ஈடாகச் சாப்பிடாமல் இருப்பதில் இருக்கிறது. செலவழிக்கும் ஆற்றலுக்கு ஏற்ப உணவு கிடைக்காதபோது உடல் முதலில் மாதவிடாயை நிறுத்திக்கொள்கிறது. பின்னர் எலும்பு பலவீனமடைந்து, காலில் நுண்ணிய முறிவுகள் ஏற்படலாம். 2014 முதல் பன்னாட்டு ஒலிம்பிக் குழுவே இதைத் தனி உடல்நலச் சிக்கலாக எடுத்துரைத்து வருகிறது. ஒல்லியாக இருந்தால் வேகமாக ஓடலாம் என்ற எண்ணத்தை மகளின் மனத்தில் யாரும், குறிப்பாகப் பயிற்சியாளர், விதைக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். தொடர்ந்து மூன்று மாதம் மாதவிடாய் வராவிட்டாலோ, பதினைந்து வயதாகியும் பூப்பெய்தாவிட்டாலோ, எப்போதும் களைப்பாகவே இருந்தாலோ மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்தத்தில் இரும்புச்சத்தின் அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். இவை சரியாக இருக்கும்வரை அவள் ஓடட்டும்.

கேள்வி: எங்கள் கூடைப்பந்து அணியில் ஒரே ஆண்டில் இரண்டு மாணவிகளுக்கு முழங்கால் லிகமென்ட் கிழிந்துவிட்டது. மாணவர் அணியில் இப்படி நடக்கவில்லை. பெண்களின் உடலே இப்படித்தானா?
– ஓர் உடற்கல்வி ஆசிரியர்

பதில்: நீங்கள் கண்டது தற்செயல் அல்ல. கூடைப்பந்து, கால்பந்து போன்ற ஆட்டங்களில் ஏ.சி.எல். எனப்படும் முழங்கால் லிகமென்ட், அதாவது முழங்கால் எலும்புகளைப் பிணைக்கும் நார், கிழிவது, அதே ஆட்டத்தை ஆடும் சிறுவர்களைவிடச் சிறுமிகளிடம் இரண்டு மடங்குக்கும் மேல் அதிகம். பெரும்பாலான கிழிவுகள் யாரும் மோதாமலேயே நிகழ்கின்றன. குதித்து இறங்கும் கணத்திலோ, ஓடும்போது சட்டென்று திசை திரும்பும் கணத்திலோ, முழங்கால் உட்புறமாகச் சாய்கிறது. உடலமைப்புக்கு இதில் பங்கு உண்டு. ஆனால் குதித்து இறங்கும் முறையையும், தொடையின் பின்தசை வலுவையும் பயிற்சியால் மாற்ற முடியும். எனவே ‘உடலே இப்படித்தான்’ என்று கைவிட வேண்டியதில்லை.

வழக்கமான வார்ம்-அப்புக்குப் பதிலாகச் சமநிலை, தசை வலு, மென்மையாகத் தரையிறங்குதல் ஆகியவற்றைச் சேர்த்த இருபது நிமிடப் பயிற்சியைக் கொண்டுவாருங்கள். பன்னாட்டுக் கால்பந்துக் கூட்டமைப்பு பரப்பிவரும் ‘லெவன் பிளஸ்’ அத்தகையது. நார்வேயில் 13 முதல் 17 வயது வரையுள்ள வீராங்கனைகளிடம் இதைச் செய்துபார்த்த ஆய்வு 2008இல் வெளியானது. பயிற்சி செய்த அணிகளில் காயமுற்றோர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தனர். ஒற்றைக் காலில் நிற்பது, முழங்கால் பாதவிரல்களின் நேர்கோட்டைவிட்டு உள்ளே சாயாமல் உட்கார்ந்து எழுவது, குதித்துச் சத்தமில்லாமல் இறங்குவது ஆகியவற்றுக்குக் கருவி எதுவும் தேவையில்லை. ‘சத்தம் கேட்கக் கூடாது’ என்று சொல்லிப் பாருங்கள். நீண்ட விளக்கத்தைவிட அந்த ஒரு கட்டளை மாணவிகளிடம் நன்றாக வேலை செய்யும். விளையாட்டுப் பருவத்தின் தொடக்கத்தில் இரண்டு வாரம் செய்துவிட்டு நிறுத்தினால் பலனில்லை.

காயமுற்ற இரு மாணவிகளைப் பற்றியும் ஒரு வேண்டுகோள். அறுவை சிகிச்சை செய்திருந்தால் ஒன்பது மாதங்களுக்கு முன்பாக அவர்களைப் போட்டியில் இறக்காதீர்கள். அவசரப்பட்டுத் திரும்புவோருக்கு மீண்டும் கிழியும் வாய்ப்பு மிக அதிகம். அதுவரை புள்ளிக் கணக்குப் பார்க்கவோ, இளைய மாணவிகளுக்குக் கற்றுத்தரவோ அவர்களை அணியுடனேயே வைத்திருங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளியில் மாலை நேர மைதானம் முழுவதும் மாணவர்களுக்கே. மாணவிகளுக்கு விளையாட்டில் ஆர்வமில்லை, கேட்டால் யாரும் பெயர் கொடுப்பதில்லை என்று நிர்வாகம் சொல்கிறது. பெற்றோர் குழு உறுப்பினராக நான் என்ன செய்யலாம்?

பதில்: இல்லாத அணிக்கு யார் பெயர் கொடுப்பார்கள்? வாய்ப்பு வந்த பிறகே ஆர்வம் வெளிப்படும் என்பதற்கு அமெரிக்கப் பள்ளிகளின் கணக்கு போதும். கல்வி நிலையங்களில் பால் வேறுபாடு காட்டுவதைத் தடுக்கும் ‘டைட்டில் நைன்’ சட்டம் அங்கே 1972இல் நிறைவேறியது. அதற்கு முந்தைய கல்வியாண்டில் உயர்நிலைப் பள்ளி அணிகளில் ஆடிய மாணவிகள் மூன்று லட்சத்துக்கும் குறைவு. இன்று அவர்கள் முப்பது லட்சத்துக்கும் மேல். இரண்டு தலைமுறைக்குள் சிறுமிகளின் இயல்பு மாறிவிடவில்லை. கதவு திறந்தது, அவ்வளவே.

நீங்கள் ஒரு வாரம் பள்ளிக்குச் சென்று, எந்த மணியில் மைதானத்தில் யார் இருக்கிறார்கள், புதிய பந்துகள் யாரிடம் போகின்றன, பயிற்சியாளர் யாருக்கு அருகில் நிற்கிறார் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பூட்டுடன் கூடிய உடைமாற்றும் அறை, தண்ணீரும் குப்பைக் கூடையும் உள்ள கழிப்பறை, பயிற்சி முடிந்து வீடு திரும்பப் பாதுகாப்பான ஏற்பாடு ஆகியவை உண்டா என்றும் பாருங்கள். மாணவிகள் விலகுவதற்கான காரணம் பல நேரங்களில் இந்தப் பட்டியலிலேயே கிடைத்துவிடும். பிறகு அந்தக் குறிப்பை நிர்வாகத்தின் முன் வைத்து, வாரத்தில் பாதி நாட்கள் மைதானம் மாணவிகளுக்கு என்று ஒரு பருவம் முழுவதும் நடத்திப்பார்க்கக் கேளுங்கள். ஒரு மாதம் போதாது. பழக்கம் பிடிபடவே அவ்வளவு காலம் ஆகும்.

கேள்வி: என் மகளுக்கு விளையாட்டு பிடிக்கவில்லை. நாடகக் குழுவில் சேர விரும்புகிறாள். கட்டாயப்படுத்தலாமா?

பதில்: வேண்டாம். நாடகமோ, விவாத மேடையோ, அறிவியல் மன்றமோ எதுவானாலும் முழு மனத்துடன் ஈடுபடட்டும். நடை, நடனம், சைக்கிள் என்று உடலை அசைக்கும் ஏதேனும் ஒன்று மட்டும் அன்றாடம் இருக்கட்டும். குழுவில் அவளுக்கு என்ன வேலை தரப்படுகிறது என்பதையும் கேட்டறியுங்கள். விருந்தினரை வரவேற்பதும் கூட்டக் குறிப்பு எழுதுவதும் மாணவிகளுக்கு, விளக்கு, ஒலி, இயக்கம் எல்லாம் மாணவர்களுக்கு என்று பிரிக்கும் வழக்கம் பல பள்ளிகளில் இருக்கிறது. ஒளியமைப்பைக் கற்றுக்கொள்ள விரும்பினால் அவளே கேட்கட்டும். நீங்கள் பின்னால் நில்லுங்கள்.

கேள்வி: அணித் தேர்வில் என்னை எடுக்கவில்லை. நான் எல்லோரையும்விடக் குள்ளம். மறுபடியும் முயலலாமா?
– எட்டாம் வகுப்பு மாணவி

பதில்: தாராளமாக முயலலாம், கண்ணு. உன் வயதில் ஒரே வகுப்பில் படிக்கும் இருவருக்கு இடையில் வளர்ச்சியில் இரண்டு மூன்று ஆண்டு வித்தியாசம் இருப்பது இயல்பு. முன்னதாக வளர்ந்தவர்கள் முன்னதாகத் தேர்வாகிவிடுகிறார்கள், அவ்வளவுதான். உனக்கு எந்தத் திறன் குறைவாக இருந்தது என்று பயிற்சியாளரிடம் நேரில் கேள். அவர் சொல்லும் ஒன்றை மட்டும் தினமும் கால் மணி நேரம் பழகு. அடுத்த தேர்வு எந்த மாதம் என்பதையும் அப்போதே கேட்டுக் குறித்து வைத்துக்கொள்.