பேச்சுப்போட்டிக்கு யூக்ளிடை எடுங்க

குடியாத்தம் சகோதரிக்கு வணக்கம். ‘உலகை மாற்றிய சிந்தனையாளர்’ பேச்சுக்குப் புத்தர், சாக்ரடீஸ், மார்க்ஸ், டார்வின் எல்லாரையும் சேர்த்து எழுதிவிட்டு, எட்டாவது படிக்கிற பையன் மனப்பாடம் ஆகாமல் முழிக்கிறான் என்றீங்க. ஒருத்தர் போதும். ராதாகிருஷ்ணன் நம்ம வேலூர் ஊரிஸ் கல்லூரியில் படித்தவர்தான், ஆனா அவரைப் பாதிப் பசங்க எடுத்துடுவாங்க.

என் ஓட்டு யூக்ளிடுக்கு. கிரேக்கக் கணித மேதை; சுமார் கி.மு. 300, எகிப்தின் அலெக்சாந்திரியா. ‘எலிமெண்ட்ஸ்’ என்ற வடிவியல் புத்தகத்தை எழுதியவர். முன்னால் நிரூபித்ததை வைத்தே அடுத்ததை நிரூபிக்கும் முறையை இரண்டாயிரம் வருஷம் அந்தப் புத்தகம்தான் கற்றுக்கொடுத்தது. 1687-இல் நியூட்டன் தன் ‘பிரின்சிபியா’ புத்தகத்தை எழுதியதும் அதே பாணியில்தான்.

மேடையில் கரும்பலகை கேளுங்க. ஒரு கோடு போட்டு, அதன் நீளத்துக்கே நூலில் சாக்பீஸ் கட்டி, இரு முனையிலிருந்தும் வட்டம் போடட்டும். வட்டங்கள் வெட்டும் புள்ளியை முனைகளோடு சேர்த்தால் சமபக்க முக்கோணம். யூக்ளிட் புத்தகத்தின் முதல் நிரூபணமே இதுதான். மூன்று பக்கமும் ஏன் சமம் என்று பையனே விளக்கட்டும்.