கஞ்சிப் போசியை மூடி வைத்த பெண்

அன்புள்ள ஆலோசகர் அம்மாவுக்கு,

எனக்கு வயது 39. புஞ்சை புளியம்பட்டி பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். எனக்குக் கீழே பதினாறு பேர் இருக்கிறார்கள். அதில் ஒரு பெண் பவானிசாகர் முகாமிலிருந்து கம்பெனி வேனில் வருகிறாள், இலங்கைத் தமிழ்ப் பெண். 2006இல் மன்னாரிலிருந்து படகேறி, தனுஷ்கோடியில் இறங்கி, மண்டபம் வழியாக இங்கே வந்து சேர்ந்தவள். அவளுடைய அண்ணன் அங்கேயே வன்னியில் தங்கிவிட்டார். 2009க்குப் பிறகு அவரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை.

2009இல் அங்கே போர் முடிந்த மே 18 வருகிற வாரத்தில், ஒவ்வொரு வருஷமும் ஒரு நாள், தூக்குப்போசியில் கஞ்சி கொண்டு வருவாள். அரிசி, தண்ணீர், உப்பு, அவ்வளவுதான். டீ டைமில் டம்ளரில் ஊற்றி எல்லோரிடமும் நீட்டுவாள். "ஒரு வாய் குடியுங்கோ அக்கா" என்பாள். நானும் வாங்கி ஒரு மடக்கு குடித்துவிட்டு வைத்துவிடுவேன்.

இந்த வருஷம் ஷிப்மெண்ட் நெருக்கடி. அவள் டம்ளரை நீட்டியதும் எனக்கு என்ன ஆனதோ தெரியவில்லை. "இதையே இன்னும் எத்தனை வருஷத்துக்குத் தூக்கிட்டுத் திரிவே அம்மிணி?" என்று எல்லோர் எதிரிலும் கேட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லாமல் போசியை மூடி வைத்தாள். அன்றிலிருந்து பீஸ் கணக்கைத் தவிர வேறு பேச்சில்லை.

ஏன் எரிந்து விழுந்தேன் என்று ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன். 2009 மே மாதம்தான் எனக்குக் கல்யாணம். மறு வாரம் என் அம்மா வீட்டில் விருந்து. இலையில் நாட்டுக்கோழிக் குழம்பு. டிவியில், கடைசிச் சண்டை நடந்த முள்ளிவாய்க்கால் காட்சி ஓடியது. பெரியப்பா ரிமோட்டை எடுத்து, "நல்ல நாளும் அதுவுமா இதென்னத்துக்கு" என்று எலெக்சன் பேச்சுக்கு மாற்றினார். நான் சாப்பிட்டு முடித்தேன், மறுசோறும் வாங்கினேன். அழுத ஞாபகமே இல்லை. இப்போது மட்டும் அந்தப் போசியைப் பார்த்தால் தொண்டை அடைக்கிறது.

வீட்டுக்காரரிடம் சொன்னால், "ரெண்டு பக்கமும் சண்டை போட்டாங்க, செத்தாங்க. நமக்கும் அதுக்கும் என்ன?" என்கிறார். ஒன்பதாவது படிக்கிற மகள், "எங்க புத்தகத்துல இல்லையேம்மா, நெஜமாவே நடந்ததா?" என்கிறாள். எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சொந்தத்தில் ஒருவரையும் இழக்காத நான் இப்படி வருந்துவது நடிப்பா? அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது?

– பெயர் வேண்டாம், ஈரோடு மாவட்டம்

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்களை அந்த விருந்து நாளிலேயே விட்டுவிட மனமில்லை, அதனால் முதலில் என்னைப் பற்றி ஒன்று. அந்த வாரம் நானும் கோயம்புத்தூரில் தேர்தல் முடிவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். மே 13 ஓட்டு, 16 எண்ணிக்கை, 18 முள்ளிவாய்க்கால். தமிழ்நாட்டில் பாதி வீடுகளில் அதுதான் நடந்தது. புதுப்பெண் இலையை விட்டு எழுந்திருந்தால் மட்டும் ஒரு ஷெல்லாவது விழாமல் இருந்திருக்குமா? இருக்காது. இது உங்களுக்கும் தெரியும். ஆனாலும் உடம்பு கேட்பதில்லை, கோழிக்குழம்பையும் அந்தக் காட்சியையும் சேர்த்தே வைத்துக்கொண்டிருக்கிறது.

நீங்கள் எரிந்து விழுந்தது அந்தத் தோழி மீது அல்ல என்று நினைக்கிறேன். வெட்கம் நேராக வந்து நிற்காது, பெரும்பாலும் எரிச்சலாகத்தான் வரும். கடன் கொடுத்தவர் எதிரே வந்தால் நமக்குக் கோபம் வருகிறதே, அந்த மாதிரி. வருஷம் தவறாமல் ஒருவர் வந்து, கேட்காமலே, அந்த இலையை உங்கள் முன்னால் விரிக்கிறார். ஷிப்மெண்ட் ஒரு சாக்கு.

சரி, அந்தக் கஞ்சிக்கு வருகிறேன். போரின் கடைசி வாரங்களில் முள்ளிவாய்க்காலில் சிக்கியிருந்த சனங்களுக்குக் கிடைத்த சாப்பாடு அதுதான். கஞ்சிக்கு வரிசையில் நின்ற இடத்திலும் ஷெல் விழுந்ததாகத் தப்பி வந்தவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் தோழியின் அண்ணன் அந்த வரிசையில் நின்றாரா, அதற்கு முன்பே போய்விட்டாரா, பிறகு பிடிபட்டாரா, தோழிக்குத் தெரியாது. பாலின் பாஸ் என்ற அமெரிக்க அறிஞர் இந்த மாதிரித் துக்கத்துக்கென்றே ஒரு பெயர் வைத்தார், முடிவு தெரியாத இழப்பு என்று நாம் சொல்லலாம். உடல் இல்லை, எனவே எழவு இல்லை, மூன்றாம் நாள் பால் ஊற்றவில்லை, கருமாதி இல்லை. செத்துவிட்டார் என்று சொல்வதே துரோகம் போல இருக்கும். காணாமல் போனவர்களின் தாய்மார்கள் கிளிநொச்சியில் 2017 பிப்ரவரியில் தெருவோரம் உட்கார்ந்தது இதனால்தான். அவர்கள் முதலில் கேட்டது பணத்தை இல்லை, பிள்ளைக்கு என்ன ஆனது என்ற பதிலை.

நம் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டே, நல்லதுக்குப் போகாட்டியும் கெட்டதுக்குப் போகணும் என்று. சாவு விழுந்த வீட்டில் அடுப்பு பத்தாது, பக்கத்து வீட்டிலிருந்து சோறு வரும். பேச்சு வார்த்தை அறுந்த பங்காளிகூட வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டுப் போவார். நீ எத்தனை சொட்டு அழுதாய், உனக்கு என்ன முறை என்று அவரை யாரும் விசாரிப்பதில்லை. வந்தாரா என்பதுதான் கணக்கு. உங்கள் தோழிக்கு அப்படி யாரும் வரவில்லை. எழவு சொல்லி விடவும் ஆளில்லை. அதனால் அவரே அடுப்பு பற்ற வைத்து, அவரே போசியில் ஊற்றி, வேன் ஏறி வந்து சொல்லிக்கொண்டிருக்கிறார். நீங்கள் வாங்கிக் குடித்த ஒரு மடக்குதான் துக்கம் கேட்டது. தெரியாமலே பல வருஷம் அதைச் செய்திருக்கிறீர்கள். இதில் நடிப்பு எங்கே இருக்கிறது?

உங்கள் வீட்டுக்காரர் சொன்னதையும் தள்ளிவிட மாட்டேன். 2011இல் வந்த ஐ.நா. நிபுணர் குழு அறிக்கை, புலிகள் சனங்களைக் கேடயம் போல் வைத்திருந்ததையும், தப்பி ஓடியவர்களைச் சுட்டதையும், பிள்ளைகளைப் படைக்குப் பிடித்ததையும் எழுதியிருக்கிறது. அதே அறிக்கைதான், பாதுகாப்பு வலயம் என்று அரசே அறிவித்த இடத்துக்குள் அரசே ஷெல் அடித்ததையும், மருத்துவமனைகள் தாக்கப்பட்டதையும் எழுதியது. பொதுமக்களில் இறந்தவர்கள் 40,000 வரை இருக்கலாம் என்றது. அடுத்த வருஷம் ஐ.நா. தன் தவறுகளைத் தானே விசாரித்து எழுதிய இன்னொரு அறிக்கையில், கணக்கில் வராதவர்கள் 70,000க்கும் மேல் என்று வருகிறது. ரெண்டு பக்கமும் சண்டை போட்டது உண்மை. ஆனால் கஞ்சிக்கு நின்றவர் எந்தப் பக்கம்?

இனப்படுகொலை என்ற சொல்லை இலங்கை அரசு மறுக்கிறது. கனடா நாடாளுமன்றம் 2022இல் மே 18ஐத் தமிழ் இனப்படுகொலை நினைவு நாளாக ஏற்றது. நான் வழக்கறிஞர் இல்லை, அந்த வழக்கை இங்கே நடத்தப் போவதில்லை. ஆனால் ஆலோசனை அறையில் ஒன்றைப் பார்க்கிறேன். சாதாரணமாக ஒருவர் இறந்தால் ஊரே சாட்சி, சாவை யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. இங்கே தப்பி வந்தவர்தான் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து நிரூபிக்க வேண்டியிருக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் இருந்த நினைவுத் தூபியைக்கூட 2021 ஜனவரியில் இரவோடு இரவாக இடித்தார்கள், மாணவர்கள் போராடிய பிறகுதான் திரும்பக் கட்டினார்கள். துக்கத்தோடு இந்த வேலையும் சேர்ந்தால் மனசு ஓய்ந்துபோகும். அதனால்தான், எதையும் இழக்காத நீங்கள் "ஆமா, நடந்தது, எனக்குத் தெரியும்" என்று சொல்வதற்கு ஒரு தனி மதிப்பு இருக்கிறது. சொந்தக்காரர் சொன்னால் பாசம் என்று தள்ளிவிடுவார்கள், உங்களை அப்படித் தள்ள முடியாது.

மகளிடமும் இதையே சொல்லுங்கள். புத்தகத்தில் இல்லாதது எல்லாம் நடக்காதது இல்லை என்று சொல்லி, அந்த இரண்டு அறிக்கைகளையும் பற்றிச் சொல்லலாம். வீடியோ மட்டும் வேண்டாம், பதினாலு வயசு.

தோழியிடம் மன்னிப்பு கேட்கும்போது உங்கள் கல்யாணக் கதையைச் சொல்லாதீர்கள், இப்போதைக்கு. சொன்னால் அவர் உங்களைத் தேற்ற வேண்டி வரும். "அன்னிக்கு நான் பேசினது தப்பு, எல்லோர் எதிரிலும் பேசினது அதைவிடத் தப்பு" என்றால் போதும், அதுவும் அதே ஆட்கள் இருக்கிற டீ டைமிலேயே சொல்லுங்கள். அண்ணனைப் பற்றித் தோண்டிக் கேட்க வேண்டாம். ருவாண்டாவில் 1994 படுகொலைக்கு ஏப்ரல் மாதம் நினைவுக் கூட்டம் நடக்கும்போது மனநல உதவியாளர்கள் கூடவே நிற்பார்கள், பழசைப் பேசப் பேச மயங்கி விழுகிறவர்கள் உண்டு. அவராகச் சொன்னால் கேளுங்கள். அவர் உடனே பேசாமலும் போகலாம். அது அவர் உரிமை.

உங்களுக்குத் தூக்கம் இல்லாதது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் 14416க்கு அழையுங்கள், அரசின் டெலி மானஸ், தமிழில் பேசுவார்கள், காசு கிடையாது.

அடுத்த மே மாதம் அவர் போசி கொண்டு வந்தால், டம்ளரை நீங்கள் முதலில் நீட்டுங்கள். கொண்டு வராவிட்டால், முந்தின நாள் ராத்திரியே அரிசியைக் களைந்து வையுங்கள். உப்பு எவ்வளவு என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.