யார் உளறினால் செய்தி?

கேள்வி: அமெரிக்காவில் குடியரசுக் கட்சிக்காரர் வாய் தவறினால் ஊடகங்கள் ஆண்டுக்கணக்கில் கேலி செய்கின்றன, ஜனநாயகக் கட்சிக்காரர் என்றால் கண்டுகொள்வதில்லை என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், காரைக்குடி

பதில்: பாதி உண்மை. 1992 ஜூனில் டிரென்டன் நகரப் பள்ளி ஒன்றில், உருளைக்கிழங்குக்கான ஆங்கிலச் சொல்லைக் கரும்பலகையில் சரியாகவே எழுதியிருந்த 12 வயது மாணவனிடம், கடைசியில் ‘ஈ’ என்ற எழுத்தைச் சேர்க்கச் சொன்னார் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த அன்றைய துணை அதிபர் டான் குவேல். அவர் கையில் கொடுக்கப்பட்டிருந்த அட்டையிலேயே அந்தப் பிழை இருந்தது என்ற விவரம் கேலியின் இரைச்சலில் எடுபடவே இல்லை. இன்றும் அவர் பெயரைச் சொன்னால் பலருக்கு நினைவுக்கு வருவது அந்த எழுத்துதான். 2008 மே மாதம் ஒரேகான் மாநிலத்தில் பிரசாரத்தில் பேசிய ஜனநாயகக் கட்சியின் பராக் ஒபாமா, தாம் 57 மாநிலங்களுக்குப் போய்விட்டதாகவும் இன்னும் ஒன்று பாக்கி என்றும் சொன்னார். அங்கே இருப்பதே 50 மாநிலங்கள். எதிர்த்தரப்பினர் அதைப் பிடித்துக்கொண்டாலும், பெரிய ஊடகங்கள் பிரசாரக் களைப்பு என்று எடுத்துக்கொண்டு பெரிதுபடுத்தாமல் விட்டன. அப்படி விட்டது சரியே. அதே பெருந்தன்மை குவேலுக்குக் கிடைக்காமல் போனதுதான் அநியாயம்.

ஆனால் கட்சிப் பாசம் மட்டுமே காரணம் என்றால், ஜனநாயகக் கட்சியின் ஹோவர்ட் டீன் தப்பியிருப்பார். 2004 ஜனவரியில் அயோவா மாநிலத்தில் நடந்த, கட்சியின் அதிபர் வேட்பாளருக்கான தேர்வில் மூன்றாம் இடம் பெற்ற இரவு, ஆரவாரம் செய்த தொண்டர்களுக்குக் கேட்கும்படி அவர் உரக்கக் கத்தினார். கையிலிருந்த ஒலிவாங்கி கூட்டத்தின் சத்தத்தை வடிகட்டிவிட்டதால், தொலைக்காட்சியில் அவருடைய கூச்சல் மட்டும் தனியாகக் கேட்டது. அந்தச் சில விநாடிகளைச் சில நாள்களில் நூற்றுக்கணக்கான முறை ஒளிபரப்பினார்கள். குவேல் அறிவு குறைந்தவர், டீன் கோபக்காரர் என்ற சித்திரங்கள் செய்தி அறைகளில் முன்பே தயாராக இருந்தன. அவற்றுக்குப் பொருந்திய காட்சி கிடைத்ததும் சூழலை விசாரிக்க யாருக்கும் பொறுமை இல்லை. என்னைப் பொறுத்தவரை, கட்சிச் சார்பைவிட இந்தச் சோம்பல் ஆபத்தானது.

எல்லாத் தவற்றையும் மன்னித்துவிட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. 1976 அக்டோபரில் ஜிம்மி கார்ட்டருடன் நடந்த விவாதத்தில், கிழக்கு ஐரோப்பாவில் சோவியத் ஆதிக்கம் இல்லை என்றார் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு. வியந்துபோன செய்தியாளர் மறுபடி கேட்டுத் திருத்திக்கொள்ள வாய்ப்பளித்தும், சோவியத் படைகள் நிலைகொண்டிருந்த போலந்தையும் சேர்த்துச் சொல்லி அதே கருத்தில் நின்றார். நாட்டை ஆள்பவரின் வெளியுறவுப் பார்வையே அங்கே கேள்விக்குள்ளானதால், அதை நாள்கணக்கில் துருவியது ஊடகங்களின் கடமை.