அரசன் இல்லாத ஊரில் 7,707 ராஜாக்கள்: ஒரு கேள்வி பதில்

புத்தர், மகாவீரர் காலத்து வட இந்திய அரசுகளைப் பற்றி வந்த கேள்விகளில், ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டுப் பதில் எழுதியிருக்கிறேன்.

சார், குரூப் 2-க்குப் படிக்கிறேன். 16 மகாஜனபதங்களின் (அன்றைய பெரிய அரசுகளின்) பட்டியல் ஒரு புத்தகத்தில் ஒரு மாதிரியும் இன்னொன்றில் வேறு மாதிரியும் இருக்கிறதே?

பட்டியலே ஒன்றுக்கு மேல் உண்டு தம்பி. பாடப்புத்தகத்தில் வருவது பௌத்தர்களின் அங்குத்தர நிகாயத்தில் உள்ளது: அங்கம், மகதம், காசி, கோசலம், வஜ்ஜி, மல்லம், சேதி, வத்சம், குரு, பாஞ்சாலம், மத்சயம், சூரசேனம், அசுமகம், அவந்தி, காந்தாரம், காம்போஜம். சமணர்களின் பகவதி சூத்திரத்தில் வங்கம் போன்ற வேறு பெயர்கள் வரும். தேர்வுக்கு முதல் பட்டியல் போதும்.

வரிசையாக உருப்போடாமல், ஒரு தாளில் கங்கையை வரைந்துகொள்ளுங்கள். கிழக்கே அங்கத்தில் தொடங்கி ஆற்றோடு மேலே ஏறினால் மகதம், காசி, வத்சம், பாஞ்சாலம் என்று தானாக வரும். விந்தியத்துக்குத் தெற்கே இருப்பது கோதாவரிக் கரை அசுமகம் மட்டும்தான். பதினாறில் வஜ்ஜியும் மல்லமும் ஒற்றை அரசன் இல்லாத கணசங்கங்கள். கேள்வி அங்கேதான் விழும்.

உலகின் முதல் ஜனநாயகம் வைசாலி என்று மேடையில் பேசுகிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. அந்தப் பாதியைச் சரியாகப் பிடிக்க வேண்டும்.

வைசாலி, வஜ்ஜி கூட்டமைப்பின் தலைநகரம். அங்கே முடிவெடுத்தது ஒரு மன்னன் இல்லை, லிச்சவி குலத்தார் கூடிய சபை. ஊர் நடுவே சந்தாகாரம் என்ற மன்றம் இருந்தது. முரசு அறைந்தால் கூடுவார்கள், பேசுவார்கள், கலைவார்கள். இது வரைக்கும் சரி.

ஆனால் கூடியவர்கள் யார்? புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதை ஒன்று வைசாலியில் 7,707 ராஜாக்கள் இருந்ததாகச் சொல்கிறது. எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆளாளுக்கு 'ராஜா' என்பதுதான் விஷயம். 'நானே ராஜா, நானே ராஜா' என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள் என்று லலிதவிஸ்தரம் என்ற பௌத்த நூல் கேலியே செய்கிறது. அர்த்தசாஸ்திரம் இவர்களை 'ராஜா என்ற பட்டத்தை வைத்துப் பிழைப்பவர்கள்' என்கிறது. நிலம் வைத்திருந்த க்ஷத்திரியக் குடும்பத் தலைவர்கள், அவ்வளவுதான். வயலில் உழைத்த அடிமைகளுக்கும் கூலியாட்களுக்கும் மன்றத்தில் இடமில்லை. பெண்களுக்கும் இல்லை.

லிச்சவி ராஜாக்கள் பட்டமேற்கும்போது நீராடுவதற்கென்று வைசாலியில் ஒரு குளம் இருந்தது. வேறு யாரும் இறங்காதபடி காவல். பறவைகூட மூக்கை நனைக்கக் கூடாது என்று மேலே இரும்பு வலை போட்டிருந்தார்களாம், அதே ஜாதகங்கள் சொல்வதுதான். ஜனநாயகம் என்று பேசுகிறவர்கள் இந்த வலையையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும். 'குடியரசு' என்ற சொல்லுக்குப் பதில் 'கணசங்கம்' என்று நான் விடாப்பிடியாக எழுதுவது இதனால்தான்.

அப்படியென்றால் புத்தரின் அப்பா சுத்தோதனர் ராஜா இல்லையா? சித்தார்த்தர் இளவரசர் என்றுதானே சின்ன வயதிலிருந்து படித்தோம்?

மேலே சொன்ன அதே அர்த்தத்தில் ராஜா. அவருடைய குலமான சாக்கியர்களும் கணசங்கம்தான், அதிலும் கோசலத்தின் மேலாதிக்கத்துக்குக் கீழ் இருந்தவர்கள். ஆனால் குலப்பெருமைக்குக் குறைச்சல் இல்லை. கோசல மன்னன் பிரசேனஜித் பெண் கேட்டபோது, மறுக்கவும் பயம், கொடுக்கவும் மனமில்லை. அடிமைப் பெண்ணுக்குப் பிறந்த மகளை அசல் சாக்கியப் பெண் என்று சொல்லி அனுப்பினார்கள். அவள் மகன் விடூடபன் தாய்வழி ஊருக்கு வந்துபோன பிறகு, மன்றத்தில் அவன் உட்கார்ந்த பலகையைப் பால் கலந்த நீரால் கழுவிவிட்டார்கள். விஷயம் அவன் காதுக்கு எட்டியது. பின்னாளில் அரியணை ஏறியதும் படையோடு வந்து சாக்கியர்களை அழித்தான் என்கிறது பௌத்த மரபு.

அங்கே வாக்கெடுப்பு நடந்ததா? நம்ம உத்திரமேரூர் குடவோலை மாதிரியா?

இரண்டும் வேறு வேறு. உத்திரமேரூரில் 10-ஆம் நூற்றாண்டில் நடந்தது குலுக்கல்; தகுதியானவர்களின் பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். இங்கே பேசுவது பெரும்பான்மை எண்ணிக்கை.

ஒன்றை மறக்கக் கூடாது. நமக்கு விவரமாகக் கிடைப்பது புத்த பிட்சுக்களின் சங்க விதிகள். கணசங்க மன்றங்களின் பழக்கத்தைத்தான் அவை பின்பற்றின என்பது பல வரலாற்றாசிரியர்களின் ஊகம், எனக்கும் அது ஏற்புடையதே. விதி இப்படி: வழக்கு தீராவிட்டால் குச்சி கொடுக்க ஒருவரை நியமிக்க வேண்டும். ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு நிறக் குச்சி. ஒவ்வொருவராக வரும்போது, 'இது இன்ன கருத்துக்காரர் குச்சி, இது இன்னாருடையது, வேண்டியதை எடுங்கள்' என்பார். எடுத்த பிறகு, 'யாருக்கும் காட்டாதீர்கள்'. ரகசிய வாக்கெடுப்பேதான். காதில் கிசுகிசுத்துக் கேட்பது, வெளிப்படையாக எடுப்பது என்று வேறு இரண்டு முறைகளும் உண்டு.

அப்புறம் ஒரு வேடிக்கை. எண்ணிப் பார்த்து, தர்மத்துக்கு மாறான பக்கம் அதிகம் என்று தெரிந்தால், 'குச்சி சரியாக எடுக்கப்படவில்லை' என்று சொல்லி அவர் திரும்ப நடத்தலாம்!

இவ்வளவு ஒற்றுமையாக இருந்தவர்களை மகதம் எப்படித்தான் வென்றது?

மகதத்தின் பலம் தெரிந்ததுதான்: தெற்கே இரும்புத் தாது, காட்டு யானைகள், நெல் விளையும் வண்டல், கங்கைப் படகுப் போக்குவரத்து. மகத மன்னன் பிம்பிசாரன் அங்கத்தைப் பிடித்தான். கோசல இளவரசியை மணந்து, அவள் நீராட்டுச் செலவுக்கென்று காசியில் ஒரு கிராமத்தைச் சீதனமாக வாங்கினான். மகன் அஜாதசத்ருவுக்கு வஜ்ஜி மேல் கண்.

அவன் அமைச்சர் வஸ்ஸகாரர், ராஜகிருகத்துக் கழுகு மலையில் புத்தரைப் பார்த்து மன்னனின் எண்ணத்தைச் சொல்கிறார். புத்தர் அவருக்கு நேராகப் பதில் சொல்லவில்லை. பின்னால் நின்று விசிறிக்கொண்டிருந்த ஆனந்தரிடம் திரும்பி, வஜ்ஜிகள் அடிக்கடி கூடுகிறார்களா, ஒன்றாகக் கூடி ஒன்றாகக் கலைகிறார்களா, மூத்தோர் சொல் கேட்கிறார்களா என்று ஏழு கேள்விகள் கேட்கிறார். இவை இருக்கும்வரை அவர்களுக்கு வளர்ச்சியே, வீழ்ச்சி இல்லை என்கிறார். அமைச்சருக்குப் புரிந்துவிட்டது: போரால் முடியாது, ஆசை காட்ட வேண்டும், இல்லாவிட்டால் பிளக்க வேண்டும்.

மீதிக் கதை, இதைச் சொல்லும் பௌத்த நூலுக்கு எழுதிய பிற்கால உரையில் இருக்கிறது. மன்னனோடு சண்டை போட்டதாக நடித்து வஸ்ஸகாரர் வைசாலியில் அடைக்கலம் புகுந்தார். ஒரு லிச்சவியைத் தனியாக ஓரம் கட்டி, 'வயலை உழுகிறார்களா?' என்பார். 'ஆமாம், உழுகிறார்கள்.' 'இரண்டு மாடு பூட்டியா?' 'ஆமாம்.' அவ்வளவுதான் பேச்சு. ஆனால் இன்னொருவன் வந்து, 'என்ன ரகசியம் பேசினீர்கள்?' என்று கேட்கும்போது இந்தப் பதிலை எப்படி நம்புவான்? இப்படியே மூன்று வருடம். மகதப் படை வந்தபோது முரசு அறைந்தார்கள். 'பெரிய மனிதர்கள் கூடட்டும், வீரர்கள் கூடட்டும்' என்று சொல்லி ஒருவரும் வரவில்லை.

கதைதான். ஆனால் உழவு மாட்டைப் பற்றிய அந்தக் கேள்வியை எந்த அலுவலகத்திலும், எந்தச் சங்கத்திலும் இன்றும் கேட்கலாம்.

அதோடு கணசங்கங்கள் ஒழிந்துவிட்டனவா?

இல்லை, இன்னும் பல நூற்றாண்டுகள் ஓடின. இன்றைய ஹரியானா, பஞ்சாப் பக்கம் இருந்த யௌதேயர்கள் 'யௌதேய கணத்துக்கு வெற்றி' என்று காசில் பொறித்தார்கள். மன்னன் பெயர் கிடையாது. உருவம் யார் தெரியுமா? வேல் பிடித்த கார்த்திகேயன், நம்ம முருகன்! ஆறுமுகத்தோடு உள்ள காசுகளும் அவர்களிடம் உண்டு. கி.பி. 4-ஆம் நூற்றாண்டு குப்தப் பேரரசன் சமுத்திரகுப்தனின் அலகாபாத் தூண் கல்வெட்டில், அவனுக்குப் பணிந்தவர்கள் பட்டியலில் அவர்கள் பெயர் வருகிறது. அதே கல்வெட்டில் அவன் தன்னை லிச்சவிகளின் மகள் வயிற்றுப் பேரன் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறான்.

இதெல்லாம் சங்கப் புலவர்களுக்குத் தெரியுமா?

வைசாலி தெரிந்ததற்குத் தடயம் இல்லை. மகதத்தின் பிற்காலத் தலைநகரான பாடலிபுத்திரம் தெரியும். அகநானூறு 265-இல் மாமூலனார், மகதத்தை ஆண்ட நந்தர்கள் பாடலியில் சேர்த்துக் கங்கைக்கு அடியில் மறைத்த செல்வத்தைச் சொல்கிறார். பொருள் தேடிப் போன தலைவன் இன்னும் வரவில்லையே, அந்தப் புதையலா கிடைத்துவிட்டது என்று தலைவி அலுத்துக்கொள்கிற பாட்டு.

வைசாலிக்குப் போனால் பார்க்க என்ன இருக்கிறது?

பாட்னாவிலிருந்து கங்கையைத் தாண்டி ஹாஜிப்பூர் வழியாகப் போக வேண்டும். கொல்ஹுவாவில் ஒற்றைச் சிங்கத் தூண் முழுசாக நிற்கிறது. புத்தரின் அஸ்தி வைத்ததாகக் கருதப்படும் தூபியின் அடித்தளம் இருக்கிறது. பட்டாபிஷேகக் குளம் என்று ஒன்றைக் காட்டுவார்கள். இப்போது வலை இல்லை. பக்கத்தில் ஒரு பெரிய மேடு, அகழ்ந்தபோது குப்தர் காலத்து களிமண் முத்திரைகள் குவியலாகக் கிடைத்த இடம். ஊர்க்காரர்களிடம் வழி கேட்கும்போது 'ராஜா விஷால் கா கட்' என்று கேளுங்கள், விஷால் ராஜாவின் கோட்டை என்று அர்த்தம். மே, ஜூனில் மட்டும் போய்விடாதீர்கள், வெயில் தாங்காது.